மொழிபெயர்ப்பில் நுழைந்த பூனை

"கான்ஸ்பிக்யுவஸ்!" என்று கத்தினாள் பிலோமினா.

முன்னால் அவள், பின்னால் நான். இரண்டு பேர் தலையிலும் உப்புக் கூடை. பாத்தியில் கூடையை நிரப்பும்போது ஒருத்தி ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். வரப்பேறிப் போய் அம்பாரத்தில் உப்பைக் கொட்டுவதற்குள் மற்றவள் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும்.

வரப்பு வழுக்கியது. சும்மாடு நனைந்து உப்புத் தண்ணீர் காதோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. கண் கூசுகிற வெள்ளை. தூரத்தில் என் அம்மா சிவப்புச் சேலையில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை உப்புக்கு நடுவில் என் அம்மாவின் சிவப்புச் சேலை கான்ஸ்பிக்யுவஸாக இருக்கிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பளிச்சென்று தனியாகத் தெரிவதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை எவன் சொல்லிவிடுவான்?

"கையில உப்பு எங்கடி?" என்றாள் பிலோமினா.

மறந்துவிட்டேன். ஒரு கல் உப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னேன். அப்புறம்தான் மகாராணி ஒத்துக்கொண்டாள்.

போன வாரம், புதுச்சேரியில் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து சேர்ந்த கதையை எழுதியிருந்தேன் இல்லையா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் போட்டார். "உப்பளத்துப் பொண்ணுக்கு இவ்ளோ இங்கிலீஷ் எந்த கான்வென்ட்லம்மா வந்துச்சு?" என்று கேட்டார். கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பதில் சொல்கிறேன். மரக்காணத்து வரப்பில் வந்தது, அம்மா.

ஏ, பி இல்லாத புத்தகம்

பிலோமினாவும் நானும் ஒரே வருஷம் பிளஸ் டூ பாஸ் பண்ணினோம். அதற்கு மேல் படிக்க வைக்க இரண்டு வீட்டிலும் வழியில்லை. அவரவர் அம்மாவோடு உப்பளத்துக்கு வந்துவிட்டோம். அவளுடைய அப்பா ஆரோக்கியசாமிதான் அங்கே மேஸ்திரி.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. அங்கே கிடந்தது, கடினமான இங்கிலீஷ் சொற்களுக்கு அர்த்தமும் உதாரண வாக்கியமும் போட்ட ஒரு புத்தகம். அட்டை இல்லை. ஏ, பி இரண்டு எழுத்தையும் கரையான் தின்றிருந்தது. நேராக 'சி'யில் தொடங்கும். அதனால்தான் பாதி விலைக்குக் கிடைத்தது. இன்றைக்கும் ஏ-யிலோ பி-யிலோ தொடங்கும் பெரிய சொல் எதிரே வந்தால் எனக்குக் கொஞ்சம் உதறும்.

அந்தப் புத்தகத்து உதாரணங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிரபு வேட்டைக்குப் போவார். பனி கொட்டும். யாரோ ஒரு சீமாட்டி சோகமாகப் பியானோ வாசிப்பாள்.

"எவ வூட்டுப் பியானோடி இது?" என்றாள் பிலோமினா. "நம்ம வாயால சொன்னா எல்லாம் பொய்யா இருக்குது."

அப்படித்தான் எங்கள் சட்டம் பிறந்தது. வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்ததாக, எங்களுக்கு நடந்ததாக இருக்க வேண்டும். சொல்லும்போது கையில் உப்பு இருக்க வேண்டும். பொய் வாக்கியம் சொன்னால் அபராதம், அடுத்தவளின் கூடை ஒன்றைச் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

கையில் உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் உப்பு மேல் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது. நான் இடிக்கவில்லை, உன் வரப்பை நான் மிதிக்கவில்லை என்று பொம்பளைகளுக்குள் சண்டை வந்தால், ஒரு கல்லை எடுத்து மூடிக்கொண்டு சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. நாங்கள் அதை இங்கிலீஷுக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

இதில் இன்னொரு சுகம் இருந்தது. சுற்றி இருந்த யாருக்கும் நாங்கள் சொல்வது புரியாது. வெட்டவெளியில், இருபது பேருக்கு நடுவில், எங்களுக்கென்று கதவு சாத்திய ஓர் அறை கிடைத்த மாதிரி. எதை வேண்டுமானாலும் பேசலாம்.

ஒருநாள் பிலோமினா அவள் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "என் தந்தையின் குறட்டை டெஃபனிங்" என்றாள், காது செவிடாகிற அளவுக்கு என்ற அர்த்தத்தில். மேஸ்திரி ரொம்பப் பெருமையாக என்னைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, என்னைப் பத்தி இங்கிலீஷ்ல பேசுது. பேசறது பேசுங்க, நடையை நிறுத்தாதீங்க."

எனக்குச் சிரிப்பில் கூடையே சரிந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தில் காத்திருந்தவை

எல்லாச் சொல்லுக்கும் உண்மையான வாக்கியம் கிடைத்துவிடுமா என்ன? கிடைக்காத சொற்களைப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்தோம். அவை எங்கள் வாழ்க்கைக்குள் வருகிற வரைக்கும் அங்கேயே காத்திருக்கும்.

'எக்ஸ்டஸி' ரொம்ப நாள் காத்திருந்தது. அவ்வளவு பெரிய சந்தோஷம் எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை. 'பெர்ஜுரி'யும் அங்கே போனது. சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்வது என்று அர்த்தம். பக்கத்தில் 'பொய்ச்சத்தியம்' என்று தமிழில் எழுதி வைத்தேன். கோர்ட்டு வாசலையே மிதிக்காத எங்களுக்கு அது எங்கே வாய்க்கப்போகிறது?

'டெலூஜ்' என்று ஒரு சொல். பெருவெள்ளம். ஐப்பசியில் உப்பளம் மூடிக் கிடந்தபோது படித்தது. இந்த வருஷம் அடை மழை பெய்தால் இதற்கு ஒரு வாக்கியம் கிடைத்துவிடும் என்று பிலோமினா சொன்னாள்.

அந்த மார்கழியில் கடல் உள்ளே வந்தது.

அதைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். மறுபடி எழுதத் தெம்பில்லை. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் கறுப்புச் சேறாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்து முகாமில் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியதும், பிலோமினா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து 'டெலூஜ்' என்ற சொல்லை அடித்தாள்.

"வாக்கியம் வேணாம்" என்றாள்.

அவளுடைய ரகசியம்

அந்த முகாமில்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. ஊசி போட வந்த நர்ஸுக்கு உதவியாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் அந்த நர்ஸ் இவளைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்றாகிவிட்டது. அந்த நாட்களில் பிலோமினாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கிளியனூரில் இருந்த அத்தை பையனுக்கு அவளைக் கொடுப்பதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். பையன் நல்லவன்தான். அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இவளுக்குத்தான் நர்ஸாக வேண்டும்.

மாசி முடிவதற்குள் சேற்றை வாரிக் கொட்டி, பாதிப் பாத்திகளில் மறுபடியும் உப்பு எடுக்க ஆரம்பித்தோம். ஒரு நாள் வரப்பில் அவளே, நான் கேட்காமலேயே, கையில் உப்பை எடுத்து மூடிக்கொண்டு இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னாள். "என் அப்பாவுக்குத் தெரியாமல் சென்னையில் ஒரு நர்ஸிங் பள்ளிக்கு கிளாண்டெஸ்டைனாக விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன்."

கிளாண்டெஸ்டைன். கள்ளத்தனமான, யாரும் அறியாத. எங்கள் புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருந்த சொல். அவள் அப்பா நாலு முழம் தள்ளி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

பதில் வருவதற்கு அவள் கொடுத்திருந்தது என் வீட்டு விலாசம்.

"லெட்டர் மட்டும் கைக்கு வந்துட்டா எங்க சர்ச்சுப் பங்குச் சாமியாரை வச்சு அப்பாவைச் சரிக்கட்டிடுவேன். அதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சிது, அடுத்த மாசமே கல்யாணத்தை வச்சிருவாரு. மூச்சு விட்றாத கஸ்தூரி."

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இவள் போய்விட்டால் நான் யாருக்குச் சொல் கொடுப்பது? இந்த வெயிலில் தனியாக இந்த வரப்பில் எப்படி நடப்பது? அவள் நர்ஸாவதைவிட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சமுதாயக் கூடம்

சித்திரை வெயிலில் அந்த நல்ல செய்தி வந்தது. உப்பளங்களைச் சீர்படுத்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு அமைப்பாக வந்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்கள் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் பேச ஒரு ஆள் வேண்டும். மாதச் சம்பளம். ஆபீஸ். மேலே ஃபேன், உட்கார நாற்காலி.

நாற்காலி என்பதை லேசாக நினைக்காதீர்கள். காலில் உப்பு அறுத்த வெடிப்போடு நாள் முழுக்க நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்காக நான் உயிரையே கொடுத்திருப்பேன்.

இன்டர்வியூ எங்கள் சமுதாயக் கூடத்தில். மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் தமிழ் தெரிந்த சென்னை மேடம் ஒருத்தர். வேலைக்கு வருகிறவள் பேசுவது ஜனங்களுக்குப் புரிய வேண்டும் என்று, ஊர்க்காரர்களையும் வரச்சொல்லிப் பாய் விரித்து உட்கார வைத்திருந்தார்கள். முன் வரிசையில் மேஸ்திரி, துவைத்த சட்டையில். ஜன்னலோரம் பிலோமினா.

என் வலது கையில் ஒரு கல் உப்பை மூடி வைத்திருந்தேன். பழக்கம். அது இல்லாமல் எனக்கு இங்கிலீஷ் வாயில் வரவே வராது.

நன்றாகத்தான் போனது. வாய்க்கால் வெட்டுவது பற்றி வெள்ளைக்கார அம்மா சொன்னதைத் தமிழில் சொன்னேன். மேஸ்திரி கேட்டதை இங்கிலீஷில் சொன்னேன். எங்கே படித்தாய் என்றார்கள். எங்கள் புத்தகத்தையும் சட்டத்தையும் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உனக்குப் பிடித்த ஒரு கடினமான சொல்லைச் சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியம் சொல் பார்ப்போம் என்றார்.

திமிர்தான். வேறென்ன? ஆயிரம் சொல் இருக்க, எனக்கு அந்தச் சொல்தான் வந்தது. இங்கிலீஷில் என்ன சொன்னாலும் எவருக்கும் புரியாது என்று வருஷக்கணக்காகப் பழகிய வாய். பிலோமினாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"என் சிநேகிதி அவள் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு நர்ஸிங் பள்ளிக்கு கிளாண்டெஸ்டைனாக விண்ணப்பம் அனுப்பியிருக்கிறாள்."

ஜன்னலோரம் பிலோமினா சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள்.

"பிரமாதம்" என்றார் சென்னை மேடம். "இப்ப அதையே அவங்களுக்குத் தமிழ்ல சொல்லும்மா."

பிலோமினாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மேஸ்திரி காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். பாவம், ஆசையாக.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று சொல்லட்டுமா? ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் வேலையும் எனக்கு, இவளும் என்னை விட்டுப் போகமாட்டாள் என்று நினைத்தேன். உப்பைத் தொட்டுச் சொல்கிறேன், நினைத்தேன். சொல்வதற்காக வாயையும் திறந்துவிட்டேன்.

"எங்க வூட்டுப் பூனை, யாருக்கும் தெரியாம கள்ளத்தனமா கருவாட்டைத் தின்னுட்டுது."

கூடமே சிரித்தது. எல்லாருக்கும் மேலே மேஸ்திரியின் சிரிப்பு. "அட, பூனைக்குக் கூட இங்கிலீஷாம்மா!"

சென்னை மேடம் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, இங்கிலீஷிலேயே கேட்டார். நீ சொன்னதில் பூனையே இல்லையே?

"எஸ் மேடம்" என்றேன். "நோ கேட்."

ஏன் மாற்றினாய் என்றார். கையில் இருந்த உப்பு வேர்வையில் கரைந்து உள்ளங்கை வெடிப்பில் எரிந்தது. "ஸாரி மேடம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, நல்ல வேளையாக அதன் பிறகும் இங்கிலீஷை விட்டு இறங்கவில்லை. நடுவில் நிற்கிறவள் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது அம்மா, அதை நம்பித்தான் இரண்டு பக்கமும் பேசுகிறார்கள் என்றார். பேனாவை மூடினார்.

அவர் சொன்னது சரிதான். இப்போது என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்கிறேன்.

வேலை பெருமுக்கல் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போனது.

திரும்புகிற வழியில் ரோட்டோரக் கடையில் மேஸ்திரி எங்களுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். "விடும்மா, மனசை வுட்றாத. ஒரு பூனையால போற வேலை போவட்டும். நீ நல்லாத்தான் பேசின." பிலோமினா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிசி டிரம்மில் ஒரு நாள்

மறுநாள் வரப்பில் என் கோபமெல்லாம் வெளியே வந்தது.

"உன்னாலதாண்டி போச்சு! அபராதம் போடேன். கையில உப்பை வச்சிக்கினு பொய் சொன்னேன் இல்ல? போடு!"

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஒரு நன்றியாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு பத்து நாள், அவளும் சொல் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெறுமனே உப்பு சுமந்தோம். அந்தப் பத்து நாளும் கூடை கனத்த மாதிரி எப்போதும் கனத்ததில்லை.

சென்னைக் கடிதம் ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இப்போது எழுதப்போவது பிலோமினாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது. அவள் இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவள், இனிமேல் தெரிந்துவிடும். அந்தக் கடிதத்தை ஒரு நாள் முழுக்க அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தேன். கெடுக்க நினைத்து இல்லை. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் எனக்கு முன்னால் கூடையோடு நடக்கட்டும் என்றுதான். மன்னிச்சிடு பிலோ.

மறுநாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்கிற ஆட்கள் இல்லை. நான் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

பங்குச் சாமியார் வந்து பேசினார். மேஸ்திரி இரண்டு நாள் ஊரே கேட்கக் கத்தினார். மூன்றாம் நாள் திண்டிவனம் போய்ப் பெண்ணுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். விலாசம் என்னுடையது என்று தெரிந்ததும், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே ஒருநாள் வரப்பில் நிறுத்தி, "அன்னிக்குச் சொன்ன பூனை எங்க பொண்ணுதானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து எங்கே பார்த்தாலும், "பூனை எப்படிம்மா இருக்குது? லெட்டர் போட்டுதா?" என்பார்.

பிலோமினா அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் சென்னைக்கு பஸ் ஏறினாள். புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தைக் காணோம். எங்கள் காத்திருந்த சொற்களையெல்லாம் கிழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சொல்லிக்கொள்ளாமல் எடுத்துப் போவதா?

மழைக்காலம் தொடங்கி, அம்பாரத்தையெல்லாம் கீற்று போட்டு மூடிவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது அவளுடைய முதல் கடிதம் வந்தது. உறையைப் பிரித்ததும் மடியில் என்னமோ கொட்டியது. உப்பு. எங்கள் கல்லுப்பு இல்லை, ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் வைப்பார்களே, அந்தப் பொடி உப்பு. ஒரு சிட்டிகை. அதோடு அந்தக் கடைசிப் பக்கம்.

'எக்ஸ்டஸி' அப்படியே இருந்தது. 'பெர்ஜுரி'யை மட்டும் அடித்திருந்தாள். அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரே வரி. நலமா, சுகமா எதுவும் இல்லை.

அதை இங்கே ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்க்கிறேன்:

"என் சிநேகிதி எனக்காகப் பொய்ச்சத்தியம் செய்தாள், அதுவும் தமிழில்."